கம்பளிப்பூச்சி குளிர்காலத்தை எப்படித் தாண்டுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், இலையுதிர் காலத்தில் சாலையின் குறுக்கே விறுவிறுவென்று ஓடும் கறுப்பும் செம்பழுப்புமான ஒரு கம்பளிப்பூச்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் அந்த நாலு வரி போதவே போதாது என்று தெரிகிறது. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்தப் பூச்சிக்கே கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகி: மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறேன். பேரன் தோட்டத்திலிருந்து ஒரு கம்பளிப்பூச்சியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் துருப்பிடித்த இரும்பின் நிறம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "கறுப்பு நிறைய இருக்கிறது, இந்த வருடம் குளிர் கடுமையாக இருக்கும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. இது என்ன பூச்சி, அவர் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

அம்மா, உங்கள் பேரன் கொண்டுவந்தது இசபெல்லா புலி அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் பைரார்க்டியா இசபெல்லா. அந்த ஊர்க்காரர்கள் 'ஊலி பேர்' என்பார்கள், அதாவது கம்பளிக்கரடி. தெற்கே அப்பலாச்சியன் மலைப்பக்கம் போனால் அதுவே 'ஊலி வர்ம்', கம்பளிப்புழு. தமிழில் நாம் இந்த மாதிரி மயிர் அடர்ந்த புழுக்கள் எல்லாவற்றையும் கம்பளிப்பூச்சி என்றே சொல்கிறோம், ஆக இரண்டு மொழிக்காரர்களுக்கும் அதைப் பார்த்ததும் கம்பளிதான் ஞாபகம் வந்திருக்கிறது.

பெரியவர் சொன்னது அங்கே பரம்பரையாக வரும் நம்பிக்கை. நடுவிலுள்ள செம்பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர் மிதமாக இருக்கும், கறுப்பு மிகுந்திருந்தால் கடுமையாக இருக்கும். இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்களும் உண்டு. புழுவின் உடலில் 13 கணுக்கள், குளிர்காலத்துக்கும் 13 வாரங்கள், அதனால் தலையிலிருந்து வால் வரை ஒவ்வொரு கணுவும் ஒரு வாரம் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். புழு தெற்கு நோக்கிப் போனால் கடுங்குளிர், வடக்கு நோக்கிப் போனால் பயமில்லை என்று திசை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய திருவிழா நடக்கிறது. கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த டிக் காடர்ட் என்பவர் 1973-இல் பர்மிங்ஹாம் என்ற சின்ன ஊரில் அதை ஆரம்பித்தார். கூட்டம் தாங்காமல் 1981-இல் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் வெர்மிலியனுக்கு மாற்றினார்கள். குழந்தைகளுக்குக் கம்பளிப்பூச்சி வேஷம் போட்டு ஊர்வலம் விடுவார்கள். முடிந்தால் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். வட கரோலினாவின் பானர் எல்க் என்ற மலை ஊரில் 1978 முதல் அக்டோபரில் இன்னொரு விழா நடக்கிறது. அங்கே செங்குத்தாகத் தொங்கும் கயிறுகளில் புழுக்களை ஏறவிட்டுப் பந்தயம் வைத்து, ஜெயித்த புழுவின் 13 கணுக்களைப் பார்த்துத்தான் அந்த வருடக் குளிரைச் சொல்வார்கள்.

உண்மை இருக்கிறதா என்று கேட்டீர்கள். பட்டையைப் பார்த்து வரப்போகும் குளிரைச் சொல்ல முடியாது. ஆனால் பட்டையில் வேறு ஒரு செய்தி இருக்கிறது, அதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்: இது வெறும் பாட்டி கதை இல்லை, நியூயார்க் அருங்காட்சியகத்தின் பூச்சியியல் அறிஞர் ஒருவரே ஆராய்ச்சி செய்து சரி என்று காட்டியிருக்கிறார் என்று கூட வேலை செய்யும் நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படி ஒருவர் இருந்தாரா?

இருந்தார். அவர் பெயர் டாக்டர் கர்ரன், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகள் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். 1948 இலையுதிர் காலத்தில் மனைவியோடு காரில் நகரத்துக்கு வடக்கே பேர் மவுண்டன் பூங்காவுக்குப் போனார். அங்கே கண்ணில் பட்ட கம்பளிப்பூச்சிகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கணு செம்பழுப்பு என்று எண்ணிச் சராசரி எடுத்தார். வரப்போகும் குளிர் எப்படி இருக்கும் என்ற தன் கணிப்பை நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையில் இருந்த நண்பர் ஒருவர் மூலம் வெளியிட்டார். அது வந்த பிறகுதான் இந்தப் புழு அமெரிக்கா முழுக்கப் பிரபலமானது. அதற்கு முன்னால் கிராமத்து ஆட்கள் பேசிக்கொண்ட சமாசாரம் அது.

அதற்குப் பின்னும் சில வருடங்கள் விடாமல் அதே மலைக்குப் போய் எண்ணினார். அவருக்குக் கிடைத்த சராசரி 13 கணுக்களில் 5.3-க்கும் 5.6-க்கும் இடையில். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செம்பழுப்பு, அப்படியென்றால் குளிர் மிதம். அந்த வருடங்களில் குளிரும் மிதமாகவே இருந்துவிட்டது. உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 5.3, 5.6. வருடத்துக்கு வருடம் கிட்டத்தட்ட ஒரே எண்தான். புழு ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது, குளிரும் தற்செயலாக அந்தப் பக்கமே நின்றது. அதுவும் ஒரே மலையில், ஒரு நாளில் பிடித்த கொஞ்சப் புழுக்கள். கர்ரனுக்கே இது தெரியும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிலைநாட்ட முடியாது என்பதை அவர் மறைக்கவில்லை. அவரும் மனைவியும் நண்பர்களும் சேர்ந்து 'கம்பளிக்கரடி நண்பர்கள் சங்கம்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இலைகள் சிவந்து நிற்கும் நாட்களில் மலைக்குப் போய்வர அதை ஒரு சாக்காக வைத்திருந்தார்கள். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். ஒரு சின்ன உயிரைப் பற்றி ஊரே பேசும்படி செய்தவர். 'நிரூபித்தார்' என்ற சொல்லை மட்டும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

இன்னொரு சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். நான் ஒரு அக்டோபர் மத்தியானம் ஒரு நடைபாதையில் அரைமணி நேரத்தில் ஆறு புழுக்களைப் பார்த்தேன். ஒன்றுக்கு எட்டுக் கணு செம்பழுப்பு. அதற்குப் பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருந்த இன்னொன்றுக்கு மூன்றுதான், மற்றதெல்லாம் கறுப்பு. ஒரே பாதை, ஒரே வாரம், இரண்டுக்கும் வரப்போவது ஒரே குளிர்காலம். இதில் எந்தப் புழுவை நம்புவது?

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு மாணவி: அப்படியென்றால் பட்டை ஏன் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவில் இருக்கிறது?

நல்ல கேள்வி. முதல் காரணம் வயது. புழு வளர வளரப் பல தடவை தோலுரிக்கும், ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் கறுப்பு கொஞ்சம் குறைந்து செம்பழுப்பு கூடும். ஆக கறுப்பு அதிகம் இருந்தால் பெரும்பாலும் அது இன்னும் வளராத புழு. இரண்டாவது ஈரம். வளரும் காலத்தில் சுற்றுப்புறம் ஈரமாக இருந்தால் கறுப்பு கூடுகிறது. இது போக, பிறப்பிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும், எல்லா உயிரிலும் உள்ளதுதான்.

முதல் பதிலில் 'வேறு ஒரு செய்தி' என்றேனே, அது இதுதான். அந்தப் புழு எப்போது முட்டையிலிருந்து வந்தது, எவ்வளவு தின்றது, எந்த அளவு ஈரத்தில் வளர்ந்தது என்பதெல்லாம் அதன் உடம்பில் பதிவாகியிருக்கிறது. எல்லாம் நடந்து முடிந்த சங்கதி. பட்டையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போன மாதங்களைப் பற்றிப் பேசும், வரப்போகும் மாதங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முழுக்கக் கறுப்பாக ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்துவிட்டு "ஐயோ, பயங்கரக் குளிர் வரப்போகிறது" என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். அது வேறு இனம், பெரிய சிறுத்தை அந்துப்பூச்சியின் புழு. அது சுருண்டால் கணுக்களுக்கு நடுவே சிவப்பு வளையங்கள் தெரியும். அதே மாதிரி வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒன்று திரியும், அதற்கு மஞ்சள் கரடி என்று பெயர், அதுவும் வேறு இனம்.

மினசோட்டாவிலிருந்து ஒரு வாசகர்: போன ஜனவரியில் விறகுக் கட்டையைப் புரட்டினேன். அடியில் ஒரு கம்பளிப்பூச்சி சுருண்டு, கல் மாதிரி கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அது உயிரோடு இருந்திருக்குமா? உடம்பே உறைந்துபோன ஒரு உயிர் எப்படிப் பிழைக்கும்?

உயிரோடு இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது நண்பரே. நானும் முதல் தடவை உங்களைப் போலத்தான் நினைத்தேன். நவம்பரில் ஒரு கண்ணாடி ஜாடியில் சருகு போட்டு, ஒரு புழுவை விட்டு, வெளியே நிழலில் வைத்திருந்தேன். டிசம்பர் கடைசியில், நல்ல குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில் ஜாடியை லேசாகச் சாய்த்துப் பார்த்தால், புழு உருண்டு வந்து கண்ணாடியில் 'டொக்' என்று மோதியது. கூழாங்கல் மோதின சத்தம். மயிர்களின் நுனியில் வெண்பனி பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்தபோது அதே புழு சருகுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு வந்தது. அந்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பூச்சி மேல் பைத்தியம் பிடித்தது.

எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். குளிர் நாடுகளில் பூச்சிகள் பிழைக்க முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. (மோனார்க் பட்டாம்பூச்சி மாதிரி ஊரைவிட்டே பறந்துபோவதை விட்டுவிடுவோம்.) ஒன்று, உறையாமலே தப்பிப்பது. உடம்பின் நீரை சுழியத்துக்குப் பல பாகை கீழே போனாலும் திரவமாகவே வைத்துக்கொள்வது. இதில் ஆபத்து என்னவென்றால், தாங்கும் எல்லை தாண்டி ஒரே ஒரு பனித்துகள் உள்ளே உருவானால் போதும், கதை முடிந்தது. இரண்டாவது வழி, உறைவதை ஏற்றுக்கொண்டு, அதைத் தன் கட்டுப்பாட்டில் நடத்துவது. நம் கம்பளிப்பூச்சி இந்த இரண்டாவது வகை.

தண்ணீர் நிரப்பி மூடிய கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் வைத்தால் வெடித்துவிடும், பார்த்திருப்பீர்கள். உயிருள்ள செல்லுக்குள்ளே பனிக்கட்டி உருவானாலும் கிட்டத்தட்ட அந்த கதிதான், பனியின் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும். அதனால் இந்தப் புழு பனியை செல்லுக்கு வெளியே வைத்துக்கொள்கிறது. செல்களைச் சுற்றியுள்ள இரத்தத்தில், சுழியத்துக்குச் சில பாகை கீழே இறங்கியதுமே, பனி மெதுவாக உருவாக ஆரம்பிக்கிறது. அங்கே பனி பிடிக்க ஒரு கொக்கி மாதிரி உதவும் பொருட்கள் இருக்கின்றன. சீக்கிரமே, மிதமான குளிரிலேயே தொடங்கிவிடுவதால் உறைவது நிதானமாக நடக்கிறது. திடீரென்று நடந்தால்தான் உயிருக்கு ஆபத்து.

அடுத்த சிக்கல் இது. பனி உருவாகும்போது அது சுத்தமான நீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பும் மற்றதும் மிச்சத் திரவத்தில் தங்கிச் செறிவாகிவிடும். அந்தச் செறிவு, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கும். ஓரளவு வரை தாங்கும், அதற்கு மேல் போனால் திரும்பி வராது. இந்த இடத்தில்தான் கிளிசரின் வருகிறது. ஆமாம், சோப்பிலும் இருமல் மருந்திலும் சேர்க்கிறார்களே, அதேதான். இலையுதிர் காலத்தில், உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து மாதிரியான பொருளை உடைத்து, புழு தானே கிளிசரினைத் தயாரித்து உடம்பெல்லாம் நிரப்பிக்கொள்கிறது. அது இருப்பதால் உருவாகும் பனியின் அளவு குறைகிறது, செல் முழுசாக வற்றிப்போகாமல் தப்புகிறது.

இவ்வளவும் நடந்த பிறகு இதயம் நின்றுவிடும். மூச்சு, செரிமானம், அசைவு எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் சாவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வெயில் ஏறிப் பனி உருகியதும் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. நீங்கள் புரட்டிய கட்டையை அப்படியே திருப்பிப் போட்டிருந்தீர்களானால் அதற்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அந்த அடர்ந்த மயிர்தானே குளிரைத் தடுக்கிறது?

இல்லை. நாம் போர்வைக்குள் கதகதப்பாக இருப்பது நம் உடம்பு சூட்டை உண்டாக்குவதால்தான். போர்வை அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு கல்லை எத்தனை போர்வையால் சுற்றினாலும் அது சுற்றுப்புறக் குளிருக்கு இறங்கத்தான் செய்யும். புழுவும் அந்த விஷயத்தில் கல்தான். குளிரிலிருந்து அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிளிசரினும், மேலே கிடக்கும் சருகும், அதற்கும் மேலே விழும் பனியும்தான். மயிர் அதற்கு எதிரிகளிடமிருந்து கவசம், தொட்டவுடன் பந்தாகச் சுருண்டுவிடுவது அதனால்தான். வசந்தத்தில் கூடு கட்டும்போது தன் மயிரையே பட்டு நூலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும்.

ஒன்டாரியோவிலிருந்து ஒரு தாய்: அக்டோபரில் என் மகள் ஒரு கம்பளிப்பூச்சியைக் கொண்டுவந்தாள். வெளியே குளிருமே என்று ஒரு டப்பாவில் இலை போட்டு சமையலறை ஜன்னல் பக்கம் வைத்தோம். அது கூடு கட்டியது. குளிர்காலத்தின் நடுவில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, அந்துப்பூச்சியாக வெளியே வந்துவிட்டது. நாலைந்து நாளில் செத்துப்போனது. மகள் இரண்டு நாள் அழுதாள். நாங்கள் செய்த தவறு என்ன?

உங்கள் மகளிடம் முதலில் சொல்லுங்கள், அவள் அன்பினால் செய்தது, அதில் தவறு ஒன்றுமில்லை. கதகதப்பு நமக்கு நல்லது, அதனால் அதற்கும் நல்லது என்று நினைப்பது எவருக்கும் வரக்கூடிய எண்ணம். ஆனால் இந்தப் புழுவுக்கு வீட்டுச் சூடு வசந்தகாலம் மாதிரி. "குளிர் முடிந்துவிட்டது போலிருக்கிறது" என்று அது கூடு கட்டி வெளியே வந்துவிட்டது. வந்து பார்த்தால் ஜோடி சேரத் துணையும் இல்லை, முட்டையிடச் செடியும் இல்லை. அந்துப்பூச்சியாக அதற்கு வாழ்வே கொஞ்ச நாள்தான், அந்தக் கொஞ்ச நாளும் வீணாகிவிட்டது.

வருகிற இலையுதிர் காலத்தில் மறுபடி செய்து பாருங்கள், ஆனால் வெளியே. பெரிய ஜாடி அல்லது டப்பா, மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள், பாதிக்கு மேல் காய்ந்த சருகும் ஒரு துண்டு மரப்பட்டையும். வெயில் நேரே விழாத, மழை கொட்டாத இடம், சுவர் ஓரமோ புதருக்கு அடியோ. வெயில் படும் இடத்தில் வைத்தால் கண்ணாடிக்குள் சூடேறி உருகுவதும் உறைவதுமாக மாறி மாறிப் பாடுபடும். சருகு எலும்பாகக் காய்ந்துவிடாமலும் சொதசொதவென்று ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கு அதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும்.

மார்ச், ஏப்ரலில் அது எழுந்ததும் புதிதாகத் துளிர்த்த டேன்டேலியன் இலையைப் போடுங்கள், குளோவரும் தின்னும். இந்தச் செடிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பூச்சி இல்லை அது. கொஞ்ச நாள் தின்றுவிட்டு, ஒரு குச்சியையோ பட்டையையோ பிடித்துக் கூடு கட்டும். சில வாரங்களில் மஞ்சளும் லேசான ஆரஞ்சும் கலந்த இறக்கையோடு, அங்கங்கே சின்னக் கறும்புள்ளிகளோடு வெளியே வரும். பெண்ணாக இருந்தால் பின் இறக்கையில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். சாயங்காலம் ஜாடியின் மூடியைத் திறக்கும் வேலையை மகளுக்கே கொடுத்துவிடுங்கள்.

இண்டியானாவிலிருந்து ஒரு வாசகர்: தொட்டால் அரிக்குமா? விஷமா?

இந்த இனத்துக்கு விஷ முள் இல்லை. ஆனாலும் மயிர் விறைப்பானது, மென்மையான தோல் உள்ளவர்களுக்கு உறுத்தலாம், சிவக்கலாம். கையில் ஏறவிட்டுப் பார்க்கலாம், கசக்கிப் பிடிக்க வேண்டாம், பிறகு கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்க வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: அங்கே மயிருள்ள வேறு சில புழுக்கள் உண்மையிலேயே கொட்டும். எது என்று அடையாளம் தெரியாததைக் குழந்தைகள் தொடாமல் இருப்பதே நல்லது.

அரிசோனாவிலிருந்து ஒரு வாசகி: இந்த ஊரில் பார்த்த ஒரு கம்பளிப்பூச்சியின் முதுகில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முட்டையா? நோயா?

பெரும்பாலும் டாக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈயின் முட்டைகளாக இருக்கும். அவை பொரிந்து, ஈயின் புழுக்கள் கம்பளிப்பூச்சியின் உடம்புக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்றுவிடும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் இருக்கும் அரிசோனாவில்தான் இதைப் பற்றி ஓர் அபூர்வமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் கம்பளிப்பூச்சிக்கு நெருங்கிய உறவான இன்னொரு புலி அந்துப்பூச்சியின் புழு, இந்த ஈயின் புழுக்கள் உள்ளே புகுந்த பிறகு, நச்சுச் சத்து உள்ள செடிகளை வழக்கத்தைவிட அதிகமாகத் தின்கிறது. அந்த நச்சு உள்ளே இருக்கும் ஒட்டுண்ணிகளுக்கு ஆகாது, அதனால் புழு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. நோயில்லாத புழுவுக்கு அதே நச்சை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதற்குத்தான் கெடுதல். அதாவது தேவைப்படும்போது மட்டும் மருந்து சாப்பிடுகிறது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு புழுவுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும் என்று படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு மாணவர்: வடதுருவத்துப் பக்கம் 14 வருடம் உயிர்வாழும் கம்பளிப்பூச்சி இருப்பதாகப் படித்தேன். நிஜமா?

அப்படி ஒரு பூச்சி நிஜம்தான், வயதைத்தான் பின்னால் திருத்திவிட்டார்கள். அது ஆர்க்டிக் கம்பளிக்கரடி, உங்கள் நாட்டின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவிலும் கிரீன்லாந்திலும் வாழ்வது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் பூச்சியும் அதுவும் வேறு வேறு. அங்கே கோடை என்பது சில வாரம்தான். அந்தச் சில வாரத்தில் ஆர்க்டிக் வில்லோவின் இலையைக் கொஞ்சம் தின்று, கொஞ்சம் வளர்ந்து, மறுபடி உறைந்துவிடும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். இப்படியே புழுப் பருவத்திலேயே பல வருடங்கள். 1980-களில் ஆராய்ந்தவர்கள் 14 வருடம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1998-இல் வந்த ஆய்வு அதை 7 வருடம் என்று குறைத்தது. 7 வருடம் என்பதே ஒரு பூச்சிக்கு என்ன ஆயுள்!

சுழியத்துக்குக் கீழே 70 பாகை செல்சியஸ் வரை அது தாங்கும். விழித்திருக்கும் கொஞ்ச நாளிலும் பெரும்பகுதி நேரம் சாப்பிடுவதில்லை, வெயிலுக்கு உடம்பைத் திருப்பிக்கொண்டு குளிர் காய்கிறது. இதில் மட்டும் மயிர் உதவுகிறது, வெயிலில் ஏறிய சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துவைக்கிறது. மேலே மினசோட்டா வாசகருக்கு மயிர் குளிரைத் தடுக்காது என்று சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை: சூடு வெளியிலிருந்து, சூரியனிடமிருந்து வருகிறது. இன்னொரு ஆச்சரியம், கோடை முடியும்வரை அது காத்திருப்பதில்லை. ஜூன் கடைசியிலேயே பதுங்கிவிடும். ஒட்டுண்ணிப் பூச்சிகள் கோடையில் பெருகும், அவற்றின் கண்ணில் படாமல் இருக்க அது ஒரு காரணம்.

வெர்மாண்டிலிருந்து ஒரு வாசகர்: இப்போதெல்லாம் குளிர்காலம் முன்னைப் போல் கடுமையாக இல்லை. கம்பளிப்பூச்சிக்கு இது நல்லதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் உறைந்து கிடக்கும் புழு கிட்டத்தட்ட ஒன்றுமே செலவு செய்வதில்லை. உறையாமல், ஆனால் தின்னவும் முடியாமல் கிடக்கும் புழுதான் சேமித்து வைத்த சத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும். வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தால், உருகுவதும் உறைவதுமாக அதன் உடம்பு ஒவ்வொரு முறையும் சேதப்பட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். தரைமேல் விழும் பனியும் அதற்கு ஒரு கூரை மாதிரி. காற்றில் கடுங்குளிர் அடித்தாலும் தடித்த பனிக்கு அடியில் சருகுக்குள் சுழியத்தை ஒட்டியே இருக்கும். பனி விழாத வருடத்தில் அந்தக் கூரை போய்விடுகிறது.

பிரிட்டனிலும் ஒரு 'கம்பளிக்கரடி' உண்டு, தோட்டப் புலி அந்துப்பூச்சியின் புழு. அதுவும் புழுவாகவே குளிர்காலத்தைக் கழிப்பது. ஒரு காலத்தில் அங்கே குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த பூச்சி, 1980-களிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஈரமான குளிர்காலத்துக்கும் வெதுவெதுப்பான வசந்தத்துக்கும் அந்தக் குறைவோடு தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நமக்கு இதமாக இருப்பதெல்லாம் அதற்கு இதம் இல்லை.

மிச்சிகனிலிருந்து ஒரு தம்பதி: செப்டம்பர், அக்டோபரில் இத்தனை புழுக்கள் எங்கே ஓடுகின்றன? எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலையில் நிறைய நசுங்கிக் கிடக்கின்றன. நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

வருடத்துக்கு இரண்டு தலைமுறை. கோடையில் பிறந்து வளரும் தலைமுறை செடிகளுக்குள்ளேயே இருப்பதால் நம் கண்ணில் அவ்வளவாகப் படாது. இலையுதிர் காலத்தில் வருவதுதான் குளிரைத் தாண்ட வேண்டிய தலைமுறை. நன்றாகத் தின்று முடித்துவிட்டு, சருகுக்குவியல், கட்டைக்கு அடி, மரப்பட்டை இடுக்கு என்று ஒரு மறைவிடம் தேடி அலைகின்றன. சாலையில் நீங்கள் பார்ப்பது அந்த அலைச்சலைத்தான். அதனால் தெற்கு வடக்கு என்று திசை பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை, நாலு திசையிலும் ஓடும்.

நடந்து போகும்போது சாலையில் ஒன்றைப் பார்த்தால், ஒரு இலையின் மேல் ஏற்றி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கமே விட்டால் மறுபடி கடக்கப் பார்க்கும். வண்டி வரும் சாலையாக இருந்தால் முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தோட்டம். உதிர்ந்த இலையை ஒன்றுவிடாமல் வாரி மூட்டை கட்டி அனுப்பினால், உள்ளே சுருண்டிருக்கும் புழுவும் சேர்ந்தே போகும். முழுத் தோட்டத்தையும் அப்படியே விட முடியாதுதான், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் இருக்கும். வேலி ஓரமாகவோ மரத்தடியிலோ ஒரு மூலையை மட்டும் இலைக்கு ஒதுக்கிவிடுங்கள், கூடவே இரண்டு பழைய கட்டைகளையும் போட்டுவையுங்கள். வசந்தத்தில் முதல் வெயில் அடித்ததும் அந்த மூலையைச் சுத்தம் செய்ய அவசரப்பட வேண்டாம், ராத்திரி உறைவது நின்று சில வாரம் போகட்டும். ஏப்ரலில் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். சருகு ஒன்று காற்றில்லாமல் அசையும், அதன் அடியிலிருந்து ஒரு கறுப்புத் தலை வெளியே வரும்.